முப்பது ஆண்டுகள் காத்திருந்து பெற்ற விடை

1853ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜான் ஆடம்ஸ், 59 வயதுடைய ஒருவரின் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருந்ததை நுண்ணோக்கியின் துணையோடு கண்டறிந்து எழுதி வைத்தார். இந்நோய் மிகவும் அரிதானது என்று குறிக்கவும் அவர் தவறவில்லை. அவர் அரிது என்ற அதே நோய்தான் இன்று உலகெங்கும் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் நுரையீரல் புற்றுக்கு அடுத்த இடத்தில் நிற்கிறது. இடைப்பட்ட நூற்றெழுபது ஆண்டுகளில் நோய் புதிதாகப் பிறந்துவிடவில்லை. அந்நாளில் அது தலைகாட்டும் வயதுவரை ஆண்களில் பலர் வாழவில்லை. வாழ்ந்தவர்களின் உடலில் அது இருந்தாலும் அதைக் கண்டுகொள்ள வழியில்லை.

நம் நாட்டின் நிலையை எண்ணிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1951இல் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். இன்று அது எழுபதை ஒட்டி நிற்கிறது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவானபோதும், அதே காலத்தில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை எழுந்தபோதும், தென் மாவட்டங்களிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் இளைஞர்கள் திரளாக இப்பகுதிக்கு வந்தனர். கடைசல் பட்டறையிலும் சைக்கிள் தொழிற்சாலையிலும் ஷிப்டு பார்த்து, அயனம்பாக்கம், திருவேற்காடு, அத்திப்பட்டு என்று ஆளுக்கொரு மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறினர். அவர்கள்தாம் இன்று அயனம்பாக்கம் ஏரிக்கரையில் காலையில் கைத்தடியோடு நடக்கும் தாத்தாக்கள். தம் தந்தையரும் பாட்டன்மாரும் எட்டாத வயதை எட்டியிருக்கும் தலைமுறை அது. அந்த வயதுக்கே உரிய நோய்களும் அவர்களோடு வந்து சேர்ந்திருக்கின்றன.

அப்படிப்பட்ட ஒருவர் ஒருநாள் திருப்பலி முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, "சாமி, ஒண்ணு கேக்கணும்" என்று தொடங்கிச் சுற்றுமுற்றும் பார்த்தார். மனைவி கெபியருகே நின்றிருந்தார். அவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த இடத்துல கட்டின்னு சொல்லிட்டாங்க. ஆபரேஷன் பண்ணிட்டா எத்தனை வருஷம் தாங்கும்?" என்றார். எளிய கேள்விதான். ஆயினும் இதற்கு நேர்மையான விடை கிடைக்க மருத்துவ உலகத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதையும், அந்த விடை எப்படிக் கிடைத்தது என்பதையும் பிறகு படித்தறிந்தபோது வியப்புற்றேன். அந்த வரலாற்றையே இங்கே சொல்ல முற்படுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு தேவை. புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்து அமைந்த, பெரிய நெல்லிக்காய் அளவுள்ள சுரப்பி. விந்துக்குரிய நீர்மத்தின் ஒரு பகுதியை அது சுரக்கிறது. முதுமையில் பெரும்பாலோர்க்கு அது பருத்துச் சிறுநீர்ப் பாதையை நெருக்கும். அதற்குச் செய்யப்படும் வழக்கமான அறுவையில் குழாய் வழியாகக் கருவியைச் செலுத்திப் பருத்த தசையை மட்டும் சுரண்டி எடுப்பர். இது புற்றுநோயன்று; நம் மக்கள் 'புராஸ்டேட் ஆபரேஷன்' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நாம் பேசப்போவது வேறொன்று. சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருக்கும் புற்றுநோய்க்காகச் சுரப்பி முழுவதையும் அதை ஒட்டிய விந்துப் பைகளோடு அகற்றிவிட்டு, சிறுநீர்ப்பையின் வாயைச் சிறுநீர்க் குழாயோடு மீண்டும் இணைத்துத் தைக்கும் பெரிய அறுவை அது.

இந்த அறுவையை முறையாக முதன்முதல் செய்தவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ஹியூ ஹாம்ப்டன் யங். 1904 ஏப்ரல் 7 அன்று அவர் அதைச் செய்தபோது, புகழ்பெற்ற அறுவை மேதை வில்லியம் ஹால்ஸ்டெட் உதவியாளராக நின்றார். 1940களில் அயர்லாந்துக்காரரான டெரன்ஸ் மில்லின் இலண்டனில் அடிவயிற்றின் வழியாகச் சுரப்பியை அணுகும் முறையை வகுத்தார். இரண்டுக்கும் இடையே 1941இல், சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ், இப்புற்று ஆண்மைச் சுரப்பு நீரை உண்டு வளர்கிறது என்றும், அந்நீரை நிறுத்தினால் சுருங்குகிறது என்றும் காட்டினார். 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய முறை நோயைத் தணித்தது; வேரறுக்கவில்லை. ஆனால் எளிதாயிருந்தது. கத்தியோ குருதிப் பெருக்கை உண்டாக்கியது. பிழைத்து எழுந்தவர்களுள் அநேகமாக எல்லாரும் இல்லற உறவுக்கான ஆற்றலை இழந்தனர். பலர் சிறுநீரை அடக்கும் திறனையும் இழந்தனர். எனவே பல ஆண்டுகள் இந்த அறுவையை மருத்துவர்களே அஞ்சி ஒதுக்கினர்.

நிலைமையை மாற்றியது ஒரு சந்திப்பு. 1981 பிப்ரவரியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் பாட்ரிக் வால்ஷ் என்னும் மருத்துவர் நெதர்லாந்தின் லைடன் நகருக்குச் சென்றிருந்தார். அங்கே பணி ஓய்வு பெற்ற பேராசிரியர் பீட்டர் டொங்கர், இறந்து பிறந்த குழந்தையின் உடலில் சிறுநீர்ப்பைக்குச் செல்லும் நரம்புகளைப் பொறுமையாகப் பிரித்துக்கொண்டிருந்தார். முதியவர்களின் உடலில் கொழுப்புக்குள் மறைந்து கிடக்கும் நரம்பிழைகள் சிசுவின் உடலில் துலக்கமாகத் தெரியும். ஆண்குறிக்குச் செல்லும் நரம்புகள் எங்கே என்று வால்ஷ் கேட்க, இருவரும் சேர்ந்து தேடினர். சில மணி நேரத்தில் விடை கிடைத்தது. அந்நரம்புகள் சுரப்பிக்குள் செல்லவில்லை. அதன் உறைக்கு வெளியே, பக்கவாட்டில் ஓடின. அப்படியானால் சுரப்பியை எடுத்துவிட்டு நரம்பைக் காப்பாற்ற முடியும். 1982 ஏப்ரல் 26 அன்று வால்ஷ் 52 வயதுப் பேராசிரியர் ஒருவருக்கு அவ்வாறே செய்தார். ஓராண்டுக்குள் அவர் இயல்பு நிலைக்குத் திரும்பினார். ஓய்வு பெற்ற ஒருவர் யாரும் கேட்காமலே செய்துகொண்டிருந்த வேலை இத்தனை பேருக்குப் பயன்பட்டது என்பதை எண்ணி நான் பலமுறை மகிழ்ந்ததுண்டு.

அதே காலத்தில் இரத்தப் பரிசோதனை ஒன்றும் வந்து சேர்ந்தது. புராஸ்டேட் சுரப்பி மட்டுமே பெரும்பாலும் உண்டாக்கும் புரதம் ஒன்றை 1979இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் மிங் சூவும் அவர்தம் குழுவினரும் பிரித்தெடுத்தனர். பி.எஸ்.ஏ. என்று நம் ஆய்வுக்கூடச் சீட்டுகளில் காணப்படுவது அதுவே. நோயாளிகளைக் கண்காணிக்க 1986இலும், நோயைக் கண்டுபிடிக்கத் துணையாக 1994இலும் அமெரிக்க அரசு அதற்கு இசைவளித்தது. அதன்பின் எந்தத் தொல்லையும் உணராத ஆயிரக்கணக்கானோர் புற்றுநோயாளிகள் எனக் கண்டறியப்பட்டு அறுவைக்கு ஆளாயினர்.

அவர்களுள் நெடுங்காலம் வாழ்ந்தவர் பலர். அமெரிக்க அரசியல் தலைவர் பாப் டோல் 1991 டிசம்பரில் இந்த அறுவையைச் செய்துகொண்டு, அதன்பின் முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, 2021இல் 98ஆம் வயதில் மறைந்தார். பாடகர் ஹாரி பெலஃபான்ட் 1996இல் அறுவை செய்துகொண்டார். 2023இல் 96ஆம் வயதில் இதயம் தளர்ந்து இறந்தார். ஜப்பானியப் பேரரசர் அகிஹிட்டோவுக்கு 2003 ஜனவரியில், 69ஆம் வயதில், தோக்கியோ பல்கலைக்கழக மருத்துவமனையில் சுரப்பி அகற்றப்பட்டது. அவர் 2019 ஏப்ரல் வரை அரியணையில் இருந்து, தாமே விரும்பிப் பதவி துறந்து, தொண்ணூறாம் பிறந்த நாளையும் கண்டார். தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகப் போற்றும் சிங்கப்பூரின் பிரதமர் லீ சியன் லூங் 2015 பிப்ரவரியில் அறுவை செய்துகொண்டு, 2024 மே மாதம் வரை ஆட்சிப் பொறுப்பில் நீடித்தார். தம் நோயையும் சிகிச்சையையும் நாட்டு மக்களுக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் அவர் மருத்துவமனைக்குச் சென்றார்.

இவ்வளவு பேரைக் காட்டிய பின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று தோன்றும். ஆனால் பிரான்சு நாட்டு அதிபர் ஃபிரான்சுவா மித்தெரானை இந்த வரிசைக்கு எதிரே நிறுத்திப் பாருங்கள். 1981 மே மாதம் தேர்தலில் வென்ற அவருக்கு அவ்வாண்டின் இறுதியில் புராஸ்டேட் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அப்போதே அது எலும்புக்குப் பரவியிருந்தது. சுரப்பியை அகற்றிப் பயனில்லாத நிலை. அவர் அதை நாட்டினரிடமிருந்து மறைத்தார். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வெளியான உடல்நல அறிக்கைகள் பொய்யாக எழுதப்பட்டன. அவர் 1996 ஜனவரியில்தான் இறந்தார். பரவிய நோயோடு பதினான்கு ஆண்டுகள்! அறுவை செய்துகொண்டு பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்த ஒருவரைக் காட்டி, அறுவைதான் அவரை வாழ வைத்தது என்று எப்படிச் சொல்வது? மெதுவாக வளரும் நோய் இது. எழுபது வயதுக்காரரிடம் கண்ட புற்று, எதுவும் செய்யாமல் விட்டாலும் அவரைக் கொல்ல இருபது ஆண்டுகள் எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் இதயமோ மூளையோ அவர் கணக்கை முடித்துவிடலாம். நியூயார்க் நகரின் புற்றுநோய் அறுவை மருத்துவர் வில்லட் விட்மோர் இந்தப் புதிரைத் தம் மாணவர்களுக்கு இடைவிடாமல் நினைவூட்டி வந்தார். குணமாக்கக் கூடிய நோயாளிக்குக் குணமாக்கல் தேவைதானா, தேவைப்படும் நோயாளியைக் குணமாக்க இயலுமா என்பது அவர் எழுப்பிய ஐயத்தின் சாரம். 1995இல் அவரே இந்நோயால் இறந்தார்.

இப்புதிரை அவிழ்க்க ஒரே வழி இருந்தது. ஒரே நிலையிலுள்ள நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு அறுவை செய்து, மறு பிரிவினரைக் கவனித்துக்கொண்டே காத்திருந்து, இருசாராரும் எப்போது, எதனால் இறக்கின்றனர் என்று எண்ண வேண்டும். நோய் மெதுவானது, ஆகவே எண்ணுகிறவர்களும் இருபது முப்பது ஆண்டுகள் எண்ண வேண்டும். இதைச் செய்தவர்கள் வட ஐரோப்பியர். சுவீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளின் 14 மருத்துவமனைகள் இணைந்து, 1989 முதல் 1999 வரை, சுரப்பிக்குள் அடங்கிய புற்றுநோயுள்ள 695 ஆண்களைச் சேர்த்தன. 347 பேர் அறுவைக்கும், 348 பேர் காத்திருப்புக்கும் ஒதுக்கப்பட்டனர்.

சுவீடன் இதற்கு ஏற்ற இடமாக அமைந்ததில் ஒரு பங்குக் குருவுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றுண்டு. 1686ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், ஒவ்வொரு பங்கின் மேய்ப்பரும் பிறப்பு, திருமணம், இறப்பு, குடிபெயர்வு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அந்நாட்டு லூத்தரன் குருக்களைப் பணித்தது. 1749 முதல் அப்பதிவுகளைக் கொண்டு நாடு முழுமைக்கும் மக்கள்தொகைக் கணக்கு எடுக்கப்பட்டது. இறப்புக்கான காரணத்தையும் குருக்களே எழுதி அனுப்பினர். 1947இல் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. 1958இல் நாடளாவிய புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியது. குடிமக்கள் பதிவு திருச்சபையின் கையிலிருந்து வரித்துறைக்கு மாறியது 1991இல்தான். அதாவது நாம் பேசும் ஆய்வு தொடங்கி இரண்டாண்டுகள் கழித்து. முந்நூறு ஆண்டுகளாக யாரையும் விட்டுவிடாமல் எழுதிப் பழகிய ஒரு நாட்டில், அறுவை செய்துகொண்ட ஒருவர் வேறு ஊருக்குக் குடிபோனாலும் கணக்கிலிருந்து காணாமற்போவதில்லை. ஒவ்வொருவரும் இறந்தபோது, அவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்று அறியாத வல்லுநர் குழுவே இறப்பின் காரணத்தை முடிவு செய்தது.

முதல் முடிவு 2002இல் வந்தது. ஆறாண்டுக் கணக்கில், அறுவைப் பிரிவில் 16 பேரும், காத்திருந்தோர் பிரிவில் 31 பேரும் புராஸ்டேட் புற்றால் இறந்திருந்தனர். ஆனால் எல்லாக் காரணங்களாலும் இறந்தோரைக் கூட்டினால் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அத்தோடு கணக்கை மூடியிருந்தால், கத்தியால் ஆயுள் நீளவில்லை என்றே தீர்ப்பாகியிருக்கும். அவர்கள் மூடவில்லை. 2005இல் மொத்த இறப்பிலும் வேறுபாடு தெரியத் தொடங்கியது. 2018இல், தொடங்கி 29 ஆண்டுகள் ஆன நிலையில், வெளிவந்த கணக்கைப் பாருங்கள். புராஸ்டேட் புற்றால் இறந்தோர் அறுவைப் பிரிவில் 71 பேர். காத்திருந்தோர் பிரிவில் 110 பேர். ஏறத்தாழ எட்டுப் பேருக்கு அறுவை செய்தால் அவர்களுள் ஒருவர் இந்நோயால் இறப்பதிலிருந்து தப்புகிறார். அறுவையால் கூடிய ஆயுள் சராசரியாக 2.9 ஆண்டுகள்.

மூன்றாண்டுக்கும் குறைவுதானா என்று வாசகர் எண்ணக்கூடும். சராசரி என்பது அப்படித்தான். பலருக்கு ஒரு நாளும் கூடவில்லை. அவர்கள் எப்படியும் வேறொன்றால் இறந்திருப்பர். சிலருக்குப் பத்து, பதினைந்து ஆண்டுகள் கூடின. அறுபத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களே மிகுதியாகப் பயன்பெற்றனர். அந்தச் சிலர் யார் என்று அறுவைக்கு முன் சுட்டிக்காட்ட இன்றும் முழுமையாக முடியவில்லை.

இதற்குக் கொடுத்த விலையையும் அதே ஆய்வு மறைக்காமல் சொல்லியது. 2002இல் வந்த மற்றொரு கட்டுரையின்படி, அறுவைப் பிரிவில் 80 விழுக்காட்டினர்க்கு இல்லற ஆற்றல் குன்றியிருந்தது. காத்திருந்தோரில் அது 45 விழுக்காடு. சிறுநீர்க் கசிவு அறுவைப் பிரிவில் 49 விழுக்காட்டினர்க்கு, மற்றவர்களில் 21. காத்திருந்தவர்களுக்கும் முதுமையும் நோயும் தம் பங்கைக் கொடுத்திருந்தன என்பதும், நீர் பிரியாமல் அடைபடும் தொல்லை அவர்களுக்கே அதிகம் என்பதும் உண்மை. எனினும் அறுவைக்குப் பின் உயிரோடிருக்கும் ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்று கேட்காமல் எண்ணிக்கையை மட்டும் கூறுவது முறையன்று. திருப்பலிக்கு வந்தால் கடைசி வரிசையில், வாசலை ஒட்டி அமர்கிறவர்களை நான் அறிவேன். உடை நனைந்துவிடுமோ என்ற அச்சத்தால் திருவிழாத் தேரோடு நடப்பதையும், ஊருக்குப் பேருந்தில் போவதையும் விட்டவர்கள் உண்டு. தம் மனைவியிடமே இதைப் பேசாதவர்கள் அதைவிட அதிகம். இடுப்புத் தள தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியால் பெரும்பாலோர்க்குச் சில மாதங்களில் கசிவு குறைந்துவிடுகிறது. 1948இல் ஆர்னல்டு கெகல் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்காகப் பரப்பிய பயிற்சி அது. எந்த மருந்துக் கடையிலும் வாங்க வேண்டாத மருந்து. ஆயினும் வெட்கத்தால் கேட்டறியாதவர்கள் பலர்.

பிழைத்தவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று பி.எஸ்.ஏ. எண். சுரப்பியே போய்விட்டதால் அறுவைக்குப் பின் அந்த எண் அளக்க முடியாத அளவுக்குத் தாழ வேண்டும். பின்னாளில் அது ஏறினால் எங்கோ சில புற்றணுக்கள் எஞ்சியுள்ளன என்று பொருள். அது மரண ஓலையன்று. 1982 முதல் 1997 வரை ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அறுவை செய்யப்பட்ட 1,997 பேரைத் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியிட்ட கணக்கின்படி, 315 பேருக்கே எண் ஏறியது. ஏறியவர்களுக்கும், உடனே ஹார்மோன் மருந்து கொடுக்காத நிலையில், நோய் பிற உறுப்புகளில் வெளிப்பட நடுத்தரமாக எட்டு ஆண்டுகளும், அதன்பின் இறப்பு நேர மேலும் ஐந்து ஆண்டுகளும் ஆயின. ஜப்பானியப் பேரரசருக்கும் அறுவைக்குப் பின் எண் ஏறியதால் ஹார்மோன் சிகிச்சை தொடங்கப்பட்டது. அதன் பின்னரே அவர் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆட்சி புரிந்தார். இடையில் 2012இல் இதய அறுவையையும் தாங்கினார்.

இதற்குள் கேள்வியே சற்று இடம் மாறிவிட்டது. வட ஐரோப்பிய ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர்க்குப் புற்று மருத்துவரின் விரலுக்குத் தட்டுப்படும் அளவு வளர்ந்திருந்தது. பி.எஸ்.ஏ. வந்த பிறகு கண்டறியப்படும் புற்றுகள் அதைவிட மிகச் சிறியவை. அவற்றுக்கும் கத்தி வேண்டுமா? இங்கிலாந்தில் 1999 முதல் 2009 வரை 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர் சிகிச்சை என மூன்றாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2023இல் பதினைந்தாண்டுக் கணக்கை வெளியிட்டது. அவர்களுள் இந்நோயால் இறந்தவர் 45 பேர் மட்டுமே. கண்காணிப்பில் 17, அறுவையில் 12, கதிர் சிகிச்சையில் 16. நோய் பரவுவது கண்காணிப்புப் பிரிவில் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது என்றாலும், பதினைந்து ஆண்டுகளில் அது உயிரிழப்பாக மாறவில்லை. கனடாவின் டொரண்டோ நகரில் லாரன்ஸ் க்ளாட்ஸ் 1995இலேயே, ஆபத்துக் குறைந்த புற்றுள்ளவர்களை அறுக்காமல், பரிசோதனைகளால் தொடர்ந்து கண்காணித்து, நோய் வேகமெடுத்தால் மட்டும் தலையிடும் முறையைத் தொடங்கியிருந்தார். இன்று வீரியம் குறைந்த புற்றுக்கு உலகெங்கும் முதலில் எடுத்துரைக்கப்படுவது அம்முறையே. ஆகவே ஆபரேஷன் வேண்டாம், பார்த்துக்கொள்வோம் என்று ஒரு மருத்துவர் சொன்னால், கைவிட்டுவிட்டார் என்று அழவேண்டிய காலம் இதுவன்று. ஆனால் பார்த்துக்கொள்வது என்றால் குறித்த நாளில் தவறாமல் போவது. அதை மறந்துவிட்டு இரண்டாண்டு கழித்து முதுகுவலியோடு வருவது கண்காணிப்பாகாது.

கருவிகளின் வளர்ச்சியைப் பற்றி விரிவாகச் சொல்லப் போவதில்லை. இயந்திரக் கரங்களின் துணையோடு இந்த அறுவையைச் செய்யும் முறையை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் டெட்ராய்ட் நகரில் வளர்த்துப் பரப்பியவர் மணி மேனன். திருச்சூரில் பிறந்து, புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் பயின்றவர் என்பது நமக்குப் பெருமை. இம்முறையில் குருதி இழப்பு குறைவு. வீடு திரும்புவது விரைவு. ஆனால் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இரு முறைகளையும் ஒப்பிட்டு நடத்திய ஆய்வில், ஈராண்டு கழித்துச் சிறுநீர் அடக்கத்திலும் இல்லற ஆற்றலிலும் வேறுபாடு காணப்படவில்லை. வீட்டை அடகு வைத்தாவது இயந்திர அறுவைதான் வேண்டும் என்று பிள்ளைகள் தவிக்கும்போது, அந்த மருத்துவர் இதுவரை எத்தனை அறுவை செய்திருக்கிறார் என்று கேளுங்கள் என்றே நான் சொல்வது வழக்கம்.

நம் பகுதியில் இன்று வசதிக்குக் குறைவில்லை. வானகரம்–அம்பத்தூர்ச் சாலையில், அயனம்பாக்கத்திலேயே அப்போலோ மருத்துவமனை நிற்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. சென்னை அரசு பொது மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையும் பேருந்து தூரத்தில் இருக்கின்றன. குறைவு வேறிடத்தில். மேலைநாடுகளில் நோயைத் தேடித்தேடிக் கண்டுபிடித்துத் தேவைக்கு மேல் அறுத்துவிட்டோமோ என்று கவலைப்படுகின்றனர். நம்மிடையே பலர், நோய் சுரப்பியைத் தாண்டி இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் சென்ற பின்னரே மருத்துவரிடம் வருகின்றனர். அதற்குப் பிறகு இந்த அறுவையைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. இரவில் ஐந்து முறை எழுவதை வயதின் இயல்பு என்று பொறுத்துக்கொள்வதும், நீரில் இரத்தம் கண்டால் சூடு என்று இளநீர் குடிப்பதும், 'அந்த இடம்' என்று சொல்லக்கூட நா எழாததும் இதற்குக் காரணம். இதில் மித்தெரானுக்கும் ஏரிக்கரைத் தாத்தாவுக்கும் வேறுபாடில்லை.

நம்மவரில் அறுவைக்குப் பின் எத்தனை பேர், எத்தனை ஆண்டு வாழ்கின்றனர் என்று எண்ணும் பணியும் தமிழகத்தில் நடைபெறாமலில்லை. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை, மருத்துவர்கள் கிருஷ்ணமூர்த்தி, சாந்தா ஆகியோரின் உழைப்பால் வளர்ந்தது. அங்கே 1980களின் தொடக்கம் முதல் சென்னை மாநகரப் புற்றுநோய்ப் பதிவேடு பேணப்படுகிறது. அதன் பணியாளர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்று நோயாளிகளின் விவரங்களைச் சேகரித்து, மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளோடு ஒப்பிடுகின்றனர். சுவீடனில் மூன்று நூற்றாண்டுகளாகப் பங்கு மேய்ப்பர்கள் செய்ததை இங்கே சில பணியாளர்கள் வெயிலில் அலைந்து செய்கின்றனர். அவர்களுக்குக் கிடைப்பது இறப்புச் சீட்டில் எழுதப்பட்டது மட்டுமே. நான் புரட்டிப் பார்த்த பழைய அடக்கப் பதிவேடுகளிலும் இறப்பின் காரணமாக 'முதுமை', 'காய்ச்சல்', 'நெஞ்சுவலி' என்னும் சொற்களே மாறிமாறி வருகின்றன.

சுவீடன் மேய்ப்பர்களைப் பற்றிப் படித்த பிறகு, எங்கள் பங்கில் அடக்கப் பதிவேட்டை நிரப்பும்போது, வீட்டாரிடம் நோயின் பெயரையும், அறுவை நடந்திருந்தால் அது நடந்த ஆண்டையும் கேட்டு எழுதத் தொடங்கினேன். சிலர் தயங்குகின்றனர். பலர் உள்ளே சென்று, மருத்துவமனை ஃபைலையே எடுத்து வந்து என் முன் வைக்கின்றனர்.